எலுமிச்சை, ஆரிகனோ, ஆலிவ் எண்ணெய்... கிரேக்கத்து கிரில் சிக்கன் டின்னர் இனி வீட்டிலேயே!

இரவு ஒன்பது மணி. ஏதென்ஸ் நகரின் மொனாஸ்திராகி சதுக்கத்தில் அப்போதுதான் குடும்பம் குடும்பமாகக் கூட்டம் சேர ஆரம்பிக்கிறது. கிரேக்கர்களுக்கு இரவு உணவு என்பது ஒன்பது, பத்து மணி சமாசாரம். பேரன் பேத்தி முதல் பாட்டி வரை ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருக்க, கரி அடுப்பில் இறைச்சி சொட்டும் கொழுப்பின் புகையும், கசக்கிப் போட்ட ஆரிகனோவின் வாசமும், பிழிந்த எலுமிச்சையின் மணமும் தெரு முழுக்கச் சுற்றி வருகின்றன.

அங்கே போய் என்ன கேட்டுச் சாப்பிடுவது என்பதிலேயே ஒரு சிக்கல் உண்டு. குச்சியில் குத்திச் சுட்ட இறைச்சிக்கு ஏதென்ஸ்காரர்கள் வைத்திருக்கும் பெயர் 'கலமாக்கி'. 'சுவ்லாக்கி' என்று கேட்டால் அதே இறைச்சியை பீட்டா ரொட்டியில் சுருட்டிக் கொடுப்பார்கள். வடக்கே தெசலோனிக்கி நகரத்துக்குப் போனால் கதை மாறிவிடும். அங்கே குச்சியில் இருப்பதுதான் சுவ்லாக்கி. கலமாக்கி என்று கேட்டால், ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவைத்தான் நீட்டுவார்கள்; அந்தச் சொல்லுக்கு 'சிறு நாணல்' என்று பொருள். இரண்டு ஊர்க்காரர்களும் சந்தித்தால் இந்தச் சண்டை இன்றும் ஓயாது.

பெயரில்தான் சண்டை. செய்முறையில் பெரிய ரகசியம் எதுவும் கிடையாது. மசாலா அரைக்க வேண்டாம், வெங்காயம் வதக்க வேண்டாம். ஆனால், இத்தனை எளிமையான சமையலில்தான் தப்பு செய்தால் மறைக்க இடமிருக்காது. குழம்பில் சிக்கன் கொஞ்சம் அதிகம் வெந்தால் கிரேவி காப்பாற்றிவிடும். கிரில்லில் கூடுதலாக மூன்று நிமிடம் விட்டால் நார் நாராகிவிடும். மூன்று நிமிடம் முன்னதாக எடுத்தாலோ உள்ளே வேகாத சிக்கனைக் குழந்தைகளுக்குக் கொடுத்த ஆபத்து வந்துவிடும். வீட்டில் கிரில் சிக்கன் செய்யப் பலரும் தயங்குவதற்கு இந்த இரண்டு பயங்கள்தான் காரணம். இரண்டுக்கும் வழி இருக்கிறது.

எரிமலைக்கு முந்தைய அடுப்பு

சான்டொரினி தீவில் அக்ரோத்திரி என்றொரு பழைய ஊர். கி.மு. 1600-ஐ ஒட்டி எரிமலை வெடித்துச் சாம்பலில் புதைந்துபோனது. அதைத் தோண்டியபோது, குச்சிகளைக் குறுக்கே வைப்பதற்கென்றே மேலே வரிசையாகப் பள்ளம் வெட்டிய தாங்கிகள் ஜோடி ஜோடியாகக் கிடைத்தன. கரிக்குக் காற்று போவதற்காக அடியில் ஓட்டைகள்கூட விட்டிருந்தார்கள். இன்றைய பார்பிக்யூ அடுப்பில் இருக்கும் அதே ஏற்பாடு!

ஹோமரின் இலியட் காவியத்தில் மாவீரன் அக்கிலீஸ் தன் கூடாரத்துக்கு வந்த விருந்தாளிகளுக்கு இறைச்சியை வெட்டிக் கம்பியில் கோர்க்கிறான். நண்பன் பெட்ரோக்ளஸ் நெருப்பைத் தணலாக்கிப் பரப்புகிறான். எரியும் தீயில் அல்ல, தணலில்தான் சுட வேண்டும் என்ற பாடம் அப்போதே இருந்திருக்கிறது.

ஆனால், அக்கிலீஸின் விருந்தில் கோழி கிடையாது, ஆடும் பன்றியும்தான். ஆசியக் காட்டுக்கோழியின் வம்சமான வீட்டுக்கோழி, கிரேக்கத்துக்குப் பிற்பாடுதான் வந்து சேர்ந்தது. பாரசீகம் வழியாக வந்ததால் பழைய கிரேக்கர்கள் அதைப் 'பாரசீகப் பறவை' என்றே சொன்னார்கள். கி.மு. 399-ல் விஷம் குடித்து உயிர் பிரியும் தறுவாயில் சாக்ரடீஸ், மருத்துவத் தெய்வமான அஸ்க்லிப்பியஸுக்கு ஒரு சேவல் கடன் பாக்கி இருக்கிறது, மறக்காமல் கொடுத்துவிடு என்று நண்பரிடம் சொன்னதாக பிளேட்டோ எழுதியிருக்கிறார். இன்றும் சுவ்லாக்கி என்றால் முதலிடம் பன்றி இறைச்சிக்கு, ஈஸ்டருக்கு ஆடு. சீக்கிரம் வேகும், எல்லோரும் சாப்பிடுவார்கள் என்பதால் வார நாள்களில் வீட்டு கிரில்லில் ஏறுவது பெரும்பாலும் கோழி.

இந்தத் தட்டில் இருக்கிற மற்ற பொருள்களும் வந்தேறிகளே. எலுமிச்சை ஆசியாவிலிருந்து வந்தது. தக்காளியும் உருளைக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. தொட்டுக்கொள்ளும் தயிர்ப் பச்சடியான 'ட்ஸாட்ஸிக்கி'யின் பெயர், துருக்கியின் 'ஜாஜிக்'கிலிருந்து வந்தது. மிளகைக் குறிக்கும் கிரேக்கச் சொல் 'பிப்பெரி', நம் பக்கத்துத் திப்பிலியின் வடமொழிப் பெயரான 'பிப்பலி'யிலிருந்து கப்பலேறிப் போனது.

மனிதர்களும் அப்படி வந்தார்கள். கிரேக்க - துருக்கிப் போரின் முடிவில், 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா நகரம் தீக்கிரையானது. மறு வருடம் லோசானில் கையெழுத்தான ஒப்பந்தப்படி இரு நாடுகளும் மக்களை மாற்றிக்கொண்டன. சுமார் 50 லட்சம் பேர் வாழ்ந்த கிரேக்கத்துக்கு, ஏறக்குறைய 12 லட்சம் அகதிகள் வந்து சேர்ந்தார்கள். வீடு, நிலம், கடை எல்லாம் போய், சமையல் மட்டும் கையோடு வந்தது. ஏதென்ஸ், பிரேயஸ் பகுதிகளின் அகதிக் குடியிருப்புகளில் அவர்கள் அடுப்பு வைத்துப் பிழைத்தார்கள். சீரகமும் பட்டையும் போட்ட ஸ்மிர்னா கோலா உருண்டை கிரேக்க வீடுகளுக்குள் நுழைந்தது. செங்குத்தாகச் சுழலும் இறைச்சிக் கம்பியும் அவர்களோடு வந்ததுதான். துருக்கியில் 'டோனர்' என்று சொல்லப்படும் அதற்கு, 'சுற்று' என்ற பொருளில் 'யீரோஸ்' என்ற கிரேக்கப் பெயர் பிற்பாடு நிலைத்தது.

சிக்கன் ஏன் காய்ந்துபோகிறது?

முதல் காரணம், கறியின் பாகம். கடையில் 'போன்லெஸ்' என்று கேட்டால் பெரும்பாலும் நெஞ்சுக்கறியைத்தான் கொடுப்பார்கள். அதில் கொழுப்பு மிகக் குறைவு. கொஞ்சம் சூடு தாண்டினாலும் நீர் வற்றிவிடும். தொடைக்கறியில் கொழுப்பும் உண்டு, சூடு ஏற ஏற இளகும் தசை நார்களும் உண்டு. இரண்டு நிமிடம் கூடினாலும் மன்னித்துவிடும். முதல் தடவை செய்கிறவர்கள், எலும்பு நீக்கிய தொடைக்கறியைக் கேட்டு வாங்குவதே புத்திசாலித்தனம். நெஞ்சுக்கறிதான் வேண்டுமென்றால், பிளாஸ்டிக் உறைக்குள் வைத்துச் சப்பாத்திக் கட்டையால் தட்டி, எல்லா இடமும் ஒன்றரை சென்டிமீட்டர் கனம் இருக்கும்படி சமன் செய்துவிட வேண்டும். ஒரு பக்கம் தடிமனாக, ஒரு பக்கம் மெலிதாக இருப்பதால்தான் பாதி காய்ந்தும் பாதி வேகாமலும் போகிறது.

இரண்டாவது காரணம், எலுமிச்சை. நிறைய நேரம் ஊறினால் நிறைய ருசி என்று நினைத்து முதல் நாள் இரவே எலுமிச்சைச் சாற்றில் ஊறவைப்பது வழக்கமாகிவிட்டது. புளிப்பு அமிலம் கறியின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை இறுக்கி, நிறத்தை வெளுக்கவைத்து, கடைசியில் மாவு மாதிரி ஆக்கிவிடும். ஊறவைக்க வேண்டியது உப்பும் எண்ணெயும் பூண்டும். சாறு கடைசி அரை மணி நேரத்தில் சேர்ந்தால் போதும். இரவு முழுக்க ஊறவைத்தே ஆகவேண்டும் என்றால், எலுமிச்சைக்குப் பதில் இரண்டு டேபிள்ஸ்பூன் கெட்டித் தயிர் சேர்த்து ஃப்ரிட்ஜில் வைக்கலாம். தயிரின் புளிப்பு மிருதுவானது.

இன்னொரு விஷயம்: சிக்கனைக் குழாயடியில் கழுவ வேண்டாம் என்பதுதான் உணவுப் பாதுகாப்பு நிபுணர்களின் அறிவுரை. பச்சைக் கோழியில் இருக்கக்கூடிய சால்மோனெல்லா, கேம்பிலோபேக்டர் கிருமிகள், தெறிக்கும் தண்ணீரோடு பாத்திரத்துக்கும் பக்கத்திலிருக்கும் வெள்ளரிக்காய்க்கும் போய்விடும். கழுவாமல் சமைக்க மனம் ஒப்பவில்லை என்பவர்கள், குழாயைத் திறந்துவிடாமல் ஒரு பாத்திரத் தண்ணீரில் மெதுவாக அலசி, சிங்க்கை உடனே சோப்பு போட்டுத் தேய்த்துவிடுவது நல்லது. கிருமியைக் கொல்வது தண்ணீர் அல்ல, சூடு. எப்படிச் செய்தாலும் டிஷ்யூவால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுக்க வேண்டும். ஈரம் இருந்தால் கறி சுடப்படாது, அவிந்துபோகும்.

நான்கு பேருக்கு கிரில் சிக்கன்

தேவையானவை: எலும்பு நீக்கிய தொடைக்கறி - 750 கிராம், எக்ஸ்ட்ரா விர்ஜின் ஆலிவ் எண்ணெய் - 3 டேபிள்ஸ்பூன், தட்டிய பூண்டு - 4 பல், காய்ந்த ஆரிகனோ - 2 டீஸ்பூன், கொரகொரப்பாகப் பொடித்த மிளகு - அரை டீஸ்பூன், உப்பு - ஒன்றரை டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு - 2 டேபிள்ஸ்பூன், துருவிய எலுமிச்சைத் தோல் (மஞ்சள் பகுதி மட்டும்) - ஒரு டீஸ்பூன். மேலே ஊற்ற: ஆலிவ் எண்ணெய் - 3 டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு - ஒரு டேபிள்ஸ்பூன், ஆரிகனோ, உப்பு - தலா ஒரு சிட்டிகை.

செய்முறை: கறியை மூன்று சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டவும். எலுமிச்சைச் சாறு தவிர மற்ற எல்லாவற்றையும் சேர்த்துப் பிசறி, மூடி, ஒரு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைக்கவும். ஆரிகனோவை அப்படியே கொட்டாமல் உள்ளங்கையில் வைத்துக் கசக்கிப் போட்டால் வாசம் இரட்டிப்பாகும். மூங்கில் குச்சிகளை அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவிடவும். இல்லாவிட்டால் கறிக்கு முன்னால் குச்சி எரியும். சுடுவதற்கு அரை மணி நேரம் முன்பு சாற்றைச் சேர்த்துக் கலந்து, பூண்டுத் துண்டுகளை வழித்துவிட்டு (கருகினால் கசக்கும்) குச்சியில் கோர்க்கவும். துண்டுகளை நெருக்கியடிக்காமல் நூலிழை இடைவெளி விடவும்.

மொட்டை மாடியும் கரியும் இருப்பவர்கள், ஜுவாலை அடங்கி மேலே சாம்பல் பூத்த பிறகே குச்சியை வைக்கவும். கிரில் பான் அல்லது கனமான இரும்பு தோசைக்கல் போதும் என்பவர்கள், கல்லை நன்றாகக் காயவிட்டு, மிதமான தீக்குச் சற்று மேலே வைத்து, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை திருப்பிப் போட்டு, மொத்தம் 10 முதல் 12 நிமிடம் சுடவும். ஒரே தடவையில் எல்லாவற்றையும் அடுக்கினால் கல் ஆறிவிடும், கறி தண்ணீர் விட ஆரம்பிக்கும். இரண்டு தடவையாகப் போடுவதே சரி. தட்டிச் சமன் செய்த நெஞ்சுக்கறி என்றால், பக்கத்துக்கு நான்கு முதல் ஐந்து நிமிடம்.

வெந்துவிட்டதா என்பதைப் பார்க்கச் சரியான வழி, சமையல் தெர்மாமீட்டர். கறியின் நடுப்பகுதி 74 டிகிரி செல்சியஸைத் தொட்டால் பயமில்லை. தெர்மாமீட்டர் இல்லாதவர்கள், இருப்பதிலேயே பெரிய துண்டை வெட்டிப் பார்க்கவும். உள்ளே இளஞ்சிவப்பு இல்லாமல், கசியும் நீர் தெளிவாக இருக்க வேண்டும். வெளியே பட்ட நிறத்தை நம்பக் கூடாது. கர்ப்பிணிகளும் சின்னக் குழந்தைகளும் வயதானவர்களும் இருக்கிற வீட்டில் இதில் சமரசமே வேண்டாம்.

எடுத்த சிக்கனைச் சுத்தமான வேறு தட்டில் வைத்து ஐந்து நிமிடம் ஆறவிடவும். பச்சைக் கறி இருந்த தட்டையோ, ஊறவைத்த எண்ணெயின் மிச்சத்தையோ மறுபடி தொடக் கூடாது. மேலே ஊற்றச் சொன்ன பொருள்களை ஒரு சின்ன பாட்டிலில் போட்டுக் குலுக்கினால் வெண்மையாகத் திரண்டுவரும். கிரேக்கத்தில் இதன் பெயர் 'லாதோலெமனோ'. அதாவது எண்ணெய் - எலுமிச்சை. சூடாக இருக்கும்போதே சிக்கன் மேல் ஊற்றிவிடவும். கிரேக்கச் சுவை என்று நாக்கு அடையாளம் கண்டுகொள்வது ஊறவைத்ததைவிட இந்தக் கடைசி ஊற்றலைத்தான்.

ஆரிகனோவைப் பற்றி ஒரு வார்த்தை. பீட்சாவோடு வரும் பாக்கெட்டில் இருப்பதைவிட, கிரேக்க மலைகளில் பூவோடு பறித்துக் காயவைக்கும் 'ரீகனி' காரம் கூடியது. பாக்கெட்டில் உள்ளதே போதும். கொஞ்சம் தாராளமாகப் போட வேண்டும், அவ்வளவுதான். தொட்டியில் இருக்கும் கற்பூரவள்ளி இலையின் வாசமும் ஏறக்குறைய அந்த ஜாதிதான் என்றாலும், ஈரப்பசையும் காட்டமும் அதிகம். சிக்கனுக்கு அது சரிப்படாது.

தயிரைத் துணியில் கட்டுங்கள்

ட்ஸாட்ஸிக்கி செய்வதில் பாதி வேலை, தண்ணீரை விரட்டுவது. அரை லிட்டர் புளிக்காத கெட்டித் தயிரை மெல்லிய பருத்தித் துணியில் கட்டி, வடிகட்டியில் போட்டு, அடியில் ஒரு பாத்திரம் வைத்து, ஃப்ரிட்ஜில் நான்கு மணி நேரம் விட்டால் ஏறக்குறைய பாதியாகக் குறுகி, வெண்ணெய் போல ஆகிவிடும். கடைகளில் 'கிரீக் யோகர்ட்' என்று விலை கூட்டி விற்பதும் இப்படி நீர் வடித்த தயிர்தான். கிரேக்கத்துக்கு வெளியே தயாராவதை அந்தப் பெயரில் விற்கக் கூடாது என்று இங்கிலாந்தில் வழக்கே நடந்து, 2014-ல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

இரண்டு பிஞ்சு வெள்ளரிக்காயைத் துருவி, அரை டீஸ்பூன் உப்பு போட்டுப் பத்து நிமிடம் வைத்து, கையால் ஒட்டப் பிழிந்து தயிரில் சேர்க்கவும். நசுக்கிய பூண்டு ஒரு பல், ஆலிவ் எண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன், வினிகர் ஒரு டீஸ்பூன், பொடியாக நறுக்கிய சதகுப்பை இலை அல்லது புதினா. கரண்டியால் கலக்கினால் போதும். மிக்ஸியில் அடித்தால் மோராகிவிடும். பிழிந்த வெள்ளரி நீரைக் கொட்ட வேண்டாம், மோரில் கலந்து குடிக்கலாம்.

சாலட்டும் உருளைக்கிழங்கும்

கிரேக்கர்களின் கிராமத்து சாலட்டான 'ஹொரியாட்டிக்கி'யில் லெட்டியூஸ் இலை கிடையாது. பழுத்த தக்காளி, வெள்ளரி, வெங்காயம், பச்சைக் குடமிளகாய், ஆலிவ் காய். எல்லாம் பெரிய துண்டுகளாக. மேலே ஒரு கனமான பலகையாக ஃபெட்டா சீஸ், அதன் மேல் ஆரிகனோவும் எண்ணெயும். உதிர்த்துத் தூவுவது ஹோட்டல் பழக்கம். பலகையைச் சாப்பிடுகிறவர்களே உடைத்துக்கொள்ள வேண்டும். ஃபெட்டாவில் குறைந்தது 70 சதவிகிதம் செம்மறியாட்டுப் பால் இருக்க வேண்டும், மீதிக்கு வெள்ளாட்டுப் பால். பசும்பால் ஒரு சொட்டுகூடக் கூடாது. 2002-ல் ஐரோப்பிய ஒன்றியம் அந்தப் பெயரைக் கிரேக்கத்துக்கென்றே பதிவு செய்தது. கிடைக்காத ஊரில் பன்னீரை உப்புத் தண்ணீரில் இரண்டு மணி நேரம் ஊறவைத்துப் போடலாம். நன்றாகவே இருக்கும், ஆனால் அது ஃபெட்டா அல்ல.

உருளைக்கிழங்குக்கு ஒரு கதை உண்டு. சுதந்திர கிரேக்கத்தின் முதல் ஆட்சித் தலைவரான இயோன்னிஸ் கபோதிஸ்ட்ரியாஸ், 1828-ல் பதவிக்கு வந்தபோது நாடு பசியில் கிடந்தது. உருளைக்கிழங்கைக் கொண்டுவந்து இலவசமாகக் கொடுத்தால் யாரும் தொடவில்லையாம். உடனே அதை நாஃப்ளியோ துறைமுகத்தில் குவித்து, சுற்றிலும் காவல் போட்டார். காவல் போடுகிற அளவுக்கு விலை உயர்ந்த பொருள் போலிருக்கிறது என்று ஜனங்கள் இரவில் திருட ஆரம்பித்தார்கள். கண்டுகொள்ளாதே என்று காவலர்களுக்கு ஏற்கெனவே உத்தரவு! இதே கதையைப் பிரான்ஸிலும் வேறொருவர் பெயரில் சொல்வார்கள் என்பதால் எவ்வளவு உண்மையோ. 1831-ல் அதே நாஃப்ளியோவில் ஒரு தேவாலய வாசலில் கபோதிஸ்ட்ரியாஸ் கொலை செய்யப்பட்டது மட்டும் கதை அல்ல.

600 கிராம் உருளைக்கிழங்கைத் தோல் சீவி, நீளவாக்கில் நான்காக வெட்டி, நான்கு டேபிள்ஸ்பூன் ஆலிவ் எண்ணெய், மூன்று டேபிள்ஸ்பூன் எலுமிச்சைச் சாறு, முக்கால் கப் தண்ணீர், நசுக்கிய பூண்டு, ஆரிகனோ, உப்பு சேர்த்துத் தட்டில் பரப்பி, அவனில் 200 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் வைக்கவும். பாதியில் ஒருமுறை திருப்பிவிடவும். சாறு முழுக்க உள்ளே இறங்கி, ஓரம் மட்டும் முறுகியிருக்க வேண்டும். அவன் இல்லாதவர்கள் அடிகனமான கடாயில் எண்ணெய், தண்ணீரோடு மூடிவைத்து, கிழங்கு முக்கால்வாசி வெந்த பிறகு சாற்றை ஊற்றவும். முதலிலேயே ஊற்றினால் புளிப்பு கிழங்கை வேகவிடாது. பிறகு மூடியை எடுத்துவிட்டு, நீர் வற்றிச் சிவக்கும் வரை விடவும்.

எட்டே முக்காலுக்குச் சாப்பாடு என்றால், தயிரை மதியமே கட்டிவிட வேண்டும். ஆறரைக்கு சிக்கனைப் பிசறி வைத்துவிட்டு, ஏழே கால் மணிக்கு உருளைக்கிழங்கை அவனில் ஏற்றலாம். ஏழரை மணிக்கு சிக்கனில் சாறு. அதன் பிறகு கிடைக்கும் அரை மணி நேரத்தில் சாலட்டும் ட்ஸாட்ஸிக்கியும் தயாராகிவிடும். எட்டு மணிக்குக் கல் காய வேண்டும். சாலட்டுக்கு உப்பும் எண்ணெயும் மேஜைக்குப் போகும்போதுதான். கிண்ணத்தின் அடியில் தக்காளிச் சாறும் எண்ணெயும் ஃபெட்டாத் துகளும் சேர்ந்து தேங்கும். ரொட்டியை அதில் முக்கித் துடைத்துச் சாப்பிடுவதற்குக் கிரேக்கத்தில் 'பப்பாரா' என்று தனிப் பெயரே இருக்கிறது. அது யாருக்கு என்பதற்குப் போட்டியும் இருக்கும்.

சிக்கன் மிச்சமானால் இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குப் போய்விட வேண்டும். கோடையில் அதற்கும் முன்பே. மறுநாள் கல்லில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து, மூடிபோட்டு, ஆவி பறக்கும் வரை சூடாக்கி, சப்பாத்தியிலோ பீட்டாவிலோ வைத்து, மீதமிருக்கும் ட்ஸாட்ஸிக்கியைத் தடவி, வெங்காயம் தூவிச் சுருட்டினால் பள்ளிக்கூடத்திலிருந்து வரும் பிள்ளைகளுக்கு மாலைச் சிற்றுண்டி. அதை சுவ்லாக்கி என்று அழைக்கலாமா என்பதை ஏதென்ஸ்காரர்களும் தெசலோனிக்கிக்காரர்களும் பேசி முடிவு செய்துகொள்ளட்டும்.